மிர்ரீகரின் வாசலில்

என் மனிசன் பளீலைப் பற்றி ஊரில் கேட்டால், “படக்காரப் பளீலா?” என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த மனிதர் சொன்ன ஒரு கதையால் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தது, இன்னொரு பிள்ளை வராமலே போனது. அது தெரிந்த பிறகும் சிரிக்கிற ஆள் என் முன்னால் வந்து நின்று சிரிக்கட்டும் பார்ப்போம். இந்த உம்முவின், என் வாயைப் பற்றி மருதமுனையில் தெரியாதவர்கள் இல்லை.

மருதமுனை முடிந்து பாண்டிருப்புத் தொடங்குகிற இடத்தில், கடற்கரைக்கு இறங்குகிற வீதியில்தான் அவருடைய படக்கொட்டில் இருந்தது. கிடுகுக் கூரை, மண் தரை, உட்கார நாலைந்து வாங்கு, ஒரு பெரிய டீவி, கசெட் ஓட்ட ஒரு டெக். வீதிக்கு வடக்கே நாங்கள் முஸ்லிம் ஆட்கள், தெற்கே தமிழ் ஆட்கள். இரண்டு ஊருக்கும் கசப்பு வந்து பெரியவர்கள் வீதியைக் கடக்காத நாட்களிலும் பொடியன்கள் வேலியோரமாகக் குனிந்து குனிந்து வந்துவிடுவார்கள். வேறு கடையில் காசு கொடுத்தால் படம் பார்க்கலாம். இவருடைய கொட்டிலில் படத்தில் இல்லாததையும் பார்க்கலாம்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் தம்பி காலிதீன் சவூதியிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி நிறைய வீடியோ கசெட் கொண்டுவந்தான். ஏதோ ஒரு தொடர்கதை. வானத்தில் கப்பல் ஓடுகிறது, கறுப்புக் கவசம் போட்ட ஆட்கள் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய்ச் சண்டை பிடிக்கிறார்கள். என்ன பாஷை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அரபு இல்லை, இங்கிலீசு இல்லை, சிங்களமும் இல்லை. வேறு ஆளென்றால் பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பியிருப்பான். என் மனிசன் டீவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் தானே கதைத்தார். தளபதிக்கும் அவர்தான் குரல், கைக்குழந்தைக்கும் அவர்தான், வெடிக்கிற கப்பலுக்கும் அவர்தான். பெண்கள் வரும் இடத்தில் மட்டும் என்னைப்போலக் கதைப்பார். அதற்காக எத்தனை நாள் அவரோடு கதைக்காமல் இருந்திருக்கிறேன்.

அந்த வீரர்களுக்கு அவர் வைத்த பெயர் மிர்ரீகர். செவ்வாய்க் கிரகத்தை அரபியில் மிர்ரீக் என்பார்கள், எங்கோ படித்து வைத்திருந்தார். மிர்ரீகருக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. கப்பல்தான் ஊர், கப்பல்தான் வயல், செத்தால் அடக்குகிற மையவாடியும் கப்பல்தான். படத்தில் அவர்கள் சண்டைக்கு முன் குனிந்து இரண்டு கையாலும் தரையைத் தொட்டு முகத்தைத் தடவுவார்கள். அழுகிறார்களோ, வெட்கப்படுகிறார்களோ, யார் கண்டது. பளீல் கொஞ்சமும் யோசிக்காமல், கப்பலில் தண்ணீர் இல்லை, அதனால் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்கிறார்கள் என்றார். தண்ணீர் கிடைக்காத இடத்தில் தொழுகைக்கு முன் நாங்கள் செய்வதுதான் அது. அடுத்த கிழமையே பாண்டிருப்புத் தமிழ்ப் பொடியன்கள் கிரிக்கெட் மட்டை பிடிக்கும் முன் கடற்கரை மணலைத் தொட்டு முகத்தில் தடவினார்கள். எங்கள் மௌலவி அதைப் பார்த்துவிட்டு இவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்.

மிர்ரீகன் ஒருவன் முதல் சண்டைக்குப் போகும்போது புதுப் பெயர் வைப்பார்கள். அதன் பிறகு பிறந்த பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட ஒருவருக்குத்தான் உரிமை, பெற்ற தாய்க்கு. இந்தச் சட்டம் உண்டானதே என்னால்தான். ஒரு கசெட்டில் ஒரு பெண் கப்பலின் வாசலில் வந்து நின்று வாயசைப்பாள். உள்ளேயிருந்து ஒரு வீரன் வந்து ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு அவளோடு நடந்து போவான். ஒருவரும் தடுக்க மாட்டார்கள். அந்த இடம் வந்ததும் பளீலுக்கே வாய் கட்டிவிட்டது. அவள் யாரென்று அவருக்கு விளங்கவில்லை. நான் பின்னால் இருந்து கச்சான்கடலை வறுத்துக்கொண்டிருந்தவள் பொறுக்க மாட்டாமல் சொன்னேன்.

“அதுகளுக்கு உம்மா இல்லையா? உம்மாதான் வந்து நிக்கிறா. புள்ளையத் தாங்கடா எண்டு கேக்கிறா.”

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். தாய் வாசலில் வந்து நின்று பிறந்த பெயரை மூன்று தரம் கூப்பிட்டால், எப்பேர்ப்பட்ட வீரனையும் விட்டுவிட வேண்டும், தடுக்கிறவன் மிர்ரீகனே இல்லை என்று சட்டம் போட்டார். சண்டைக் கதையில் இதென்ன அழுகைக் கதை என்று பொடியன்கள் முறைத்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கதையில் அந்த ஒரு இடம் பிடித்தது.

முறைக்காத பொடியன் ஒருவன் இருந்தான். துலக்சன். எப்போதும் முன் வாங்கில் இருப்பான். தகப்பன் அழகரெத்தினம் அவன் சின்னதாயிருக்கும்போதே செத்துவிட்டார். தாய் வசந்தினி தையல் தைத்து அவனை வளர்த்தாள். மிர்ரீகரின் சட்டதிட்டமெல்லாம் பளீலை விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். இவர் மறந்துபோய் மாற்றிச் சொன்னால், “போன கிழமை இப்பிடிச் சொல்லல்லையே காக்கா” என்று எழுந்து நிற்பான், அண்ணனுக்கு எங்கள் ஆட்கள் சொல்கிற காக்காதான். சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் பேச்சில்லை அவனுக்கு. இவர் பாவம், அவனுக்குப் பயந்து பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லப் பழகினார்.

அவனோடு ஒட்டிக்கொண்டு வருகிறவன் கிசோக், அவனை விடச் சின்னவன். கிசோக்கின் தாய் மீனாம்பிகை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். அவளுடைய புருஷன் கதிர்காமன் கரைவலைக்குப் போவான். ஒரே பிள்ளை என்றபடியால் கிசோக்கைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். கடல் வேண்டாம், படம் பார்க்கட்டும் என்பாள்.

அப்புறம் இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலைச் சாப்பாட்டு நேரம். பளீல் கொட்டிலைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தார். நான் பெரிய வீதிப் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தேன். எங்கள் மகளை இறக்காமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம், அல்ஹம்துலில்லாஹ், அங்கே குளந்தான் உண்டு, கடலில்லை. கடல் வருகிறது என்று ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தபோது, கடல் எப்படி வரும் என்று நின்று கேட்ட ஆட்களில் நானும் ஒருத்தி. பிறகு நானும் ஓடினேன். பளீல் ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினார். மார்பு முழுக்க உரிந்து, சாரம் இல்லாமல், எவரோ கொடுத்த பாயைச் சுற்றிக்கொண்டு பின்னேரம் வந்தார். கொட்டில் இருந்த இடத்தில் ஒரு குச்சிகூட இல்லை. கசெட்டுகளின் கறுப்பு நாடா மட்டும் முள்வேலிகளில் சிக்கி மாதக்கணக்காகக் காற்றில் ஆடிக்கொண்டு கிடந்தது. 

கதிர்காமனைக் கடல் கொண்டுபோனது. துலக்சனின் தாய் வசந்தினியையும் கொண்டுபோனது. அவளுடைய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. தையல் மெசின் மட்டும் கிடைத்தது.

பள்ளிக்கூடம் ஒன்றில் எல்லோரையும் வைத்திருந்தார்கள். தமிழ் ஆட்களும் எங்கள் ஆட்களும் ஒரே மண்டபத்தில். கிடந்து அழுவதைத் தவிர ஒருவருக்கும் வேலையில்லை. பின்னேரம் அஸர் தொழுத பிறகு ஒரு நாள் பொடியன்கள் பளீலைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லச் சொன்னார்கள். டீவி இல்லை, படம் இல்லை, மனிசனின் வாய் மட்டும் இருந்தது. அவர் தொடங்கினார். மிர்ரீகருக்கு முன்பொரு காலம் ஒரு மண் இருந்தது, அதை ஒரே காலையில் கடல் விழுங்கிவிட்டது, தப்பினவர்கள்தான் கப்பலில் ஏறினார்கள் என்று சொன்னார். முன்பெல்லாம் கதை சொன்னால் சிரிப்பும் விசிலும் பறக்கும். அன்று ஒரு சத்தமில்லை. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் விழுங்கின மண்ணை எவன் திருப்பித் தருவான், எவனோடு சண்டை பிடித்து வாங்குவது என்று அந்தக் கண்களில் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. “போதும், வேற கதை சொல்லுங்க” என்று இவரிடம் சொன்னேன். கேட்டால்தானே.

அந்தக் கூட்டத்தில்தான் துலக்சன் கேட்டான்.

“காக்கா, அம்மா மவுத்தானவனை ஆரு வந்து கூப்பிடுறது?”

செத்ததை எங்கள் சொல்லால்தான் சொன்னான், மவுத்து என்று. அப்படி எங்களோடு கிடந்து வளர்ந்த பிள்ளை.  அந்தப் பிள்ளையைத் தாழ்த்திப்போடப் பளீலுக்கு மனம் வரவில்லை, அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. தாயில்லாதவனைக் கூப்பிட ஒருவருக்கும் உரிமையில்லை, அவன் கடைசி வரை வாசலில் நிற்பான், மிர்ரீகரில் அவன்தான் பெரியவன் என்று சொல்லிவிட்டார். துலக்சனின் முதுகு நிமிர்ந்தது. அலை வந்த நாளுக்குப் பிறகு அவன் நிமிர்ந்து நான் பார்த்தது அப்போதுதான். மற்றப் பிள்ளைகள் அவனுக்கு இடம் விட்டு விலகி உட்கார்ந்தார்கள்.

அடுத்த வருசம் துலக்சன் காணாமல் போனான். காட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். எங்கள் பக்கம் காடு என்றால் ஆயுதம் வைத்திருந்தவர்கள் இருந்த இடம் என்று அர்த்தம். எந்தப் பெயர் வைத்திருந்தார்கள், எந்தக் கொடி என்று நான் சொல்லப்போவதில்லை. பிள்ளை பிடிக்கிறவனுக்குப் பெயர் எதற்கு?

அதற்கு அடுத்த வருசம் பிள்ளைகளை ஏற்றிப் போக வான் வண்டிகள் வரத் தொடங்கின. பாண்டிருப்பில், பெரியநீலாவணையில், தெற்கே தம்பிலுவில்லில், தமிழ் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் தாய்மார் அவர்களை எங்கள் தெரு வீடுகளில் கொண்டுவந்து ஒளித்து வைப்பார்கள். எங்கள் வீட்டு அறையிலும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். கிசோக்கையும் வை என்று மீனாம்பிகையிடம் கேட்டேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றாள். அன்று பின்னேரம் ரியூசன் வகுப்பு முடிந்து வந்தவனைச் சந்தியில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மீனாம்பிகை எங்கள் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. கையில் மீன் கூடை இல்லாமல் அவளைப் பார்க்க வேறு ஆள் மாதிரி இருந்தாள். பளீலைத்தான் கேட்டாள். திருக்கோவிலுக்கு மேற்கே காட்டுக்குள் வைத்திருக்கிறார்களாம், வாசலுக்குப் பொறுப்பாக நிற்பது துலக்சனாம், வழியில் பார்த்த ஒருவர் சொன்னாராம்.

“காக்கா, உங்கட கதையில தாய் போய்க் கூப்பிட்டா விட்டிருவாங்கதானே. அவன் உங்கட கதையைத் தட்ட மாட்டான். என்னோட வாங்க. எனக்கு அவனை விட்டா ஒருத்தருமில்ல.”

பளீல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தொண்ணூறாம் ஆண்டில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த எங்கள் ஆட்களை ஆயுதக்காரர் சுட்டுக் கொன்றதை மறந்தவர் எங்கள் ஊரில் இல்லை. காட்டுப் பக்கம் வயல் வைத்திருந்தவர்கள்கூட அறுவடையை விட்டுவிட்டு இருந்த காலம் அது. தாடியும் தொப்பியுமாக ஒரு முஸ்லிம் மனிதர் அவர்களின் வாசலில் போய் நிற்பதென்றால் திரும்பி வருவதற்கு உத்தரவாதமில்லை. போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அதற்குள் மீனாம்பிகையின் முகத்தைப் பார்த்துவிட்டேன். “நானும் வாறன்” என்றேன். பளீல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வரலாமா என்று யோசித்தார், பிறகு போட்டுக்கொண்டே வந்தார்.

கல்முனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்று, அங்கிருந்து திருக்கோவில். ஆமிச் சிப்பாய்களின் ஒவ்வொரு சோதனைத் தடையிலும் இறக்கிக் கேட்டார்கள், கோயிலுக்கு நேர்த்தி என்று மீனாம்பிகை சொன்னாள். கூட வந்த முஸ்லிம் பெண்ணுக்கு முருகன் கோயிலில் என்ன நேர்த்தி என்று ஒருவன் கேட்டான். வாயைக் கொடுத்துக் கெடுக்க வேண்டாம் என்று நான் சும்மா இருந்தேன், என் வாழ்நாளில் அப்படி இருந்தது குறைவு. திருக்கோவிலிலிருந்து ஒரு உழவு மெசினின் பெட்டியில் ஏறினோம். வயல் முடிந்த இடத்தில் ஓட்டி வந்தவர் நிறுத்திவிட்டார். அதற்கு அப்பால் அவர் வரமாட்டாராம். யானை இலத்தி கிடந்த வண்டிப் பாதையில் நடந்தோம். ஒரு பறவைச் சத்தமும் இல்லை. நாங்கள் நடப்பதை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் ஆளைக் காணவில்லை.

பாதையில் ஒரு கூட்டம் தாய்மார் எதிரே வந்தார்கள். அவர்களும் பிள்ளை கேட்டுப் போனவர்கள்தான். விரட்டிவிட்டார்களாம். ஒருத்தியின் நெற்றியில் இரத்தம் காய்ந்திருந்தது. திரும்பிப் போங்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். மீனாம்பிகை நடையை நிறுத்தவே இல்லை.

வாசல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பாலை மரம், மண் மூட்டை, குறுக்கே ஒரு மூங்கில் தடி. தடிக்கு அங்கால் மெலிந்த பொடியன் ஒருவன் எங்களைப் பார்த்துச் சுடுவதுபோல் துவக்கை நீட்டினான். அவனுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். நில் என்ற இடத்தில் நின்றோம். மீனாம்பிகை தடியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“கதிர்காமன் கிசோக். கதிர்காமன் கிசோக். கதிர்காமன் கிசோக்.”

மூன்றாவது தரம் அவளுடைய குரல் கிழிந்துபோனது. துவக்கு வைத்திருந்த பொடியன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. விரட்டவுமில்லை. அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. இவர்களுக்கும் கதை தெரியும். துலக்சன் இந்தக் காட்டில் இருந்து இவர்களுக்கு மிர்ரீகரைச் சொல்லியிருக்கிறான்.

கொட்டில் ஒன்றிலிருந்து துலக்சன் வந்தான். மீசை அரும்பியிருந்தது. வளர்ந்திருந்தான், கழுத்தில் நஞ்சுக் குப்பி கட்டியிருந்தான். எங்களைப் பார்த்து நடை ஒரு கணம் தடுமாறியது, பிறகு சரியாகிவிட்டது. உள்ளே திரும்பி ஆள் அனுப்பினான். கிசோக் வந்தான், தலை மொட்டையாக. தாயைக் கண்டதும் ஓடிவரவில்லை, பயந்து நின்றான்.

மெலிந்த பொடியன் மெதுவாகச் சொன்னான், பொறுப்பாளர் வந்தால் தோலை உரித்துவிடுவார் என்று. துலக்சன் திரும்பிப் பார்க்காமல், தாய் வந்து கூப்பிட்டிருக்கிறது, விடு, நான் பதில் சொல்கிறேன் என்றான். தடியைத் தானே தூக்கினான். கிசோக் இங்கால் வந்தான். மீனாம்பிகை அவனைப் பிடித்த பிடியில் அவன் கத்தினான்.

அதோடு நாங்கள் வந்திருக்க வேண்டும். நல்ல புத்தி உள்ள ஆட்கள் வந்திருப்பார்கள். எனக்குத் துலக்சனின் கழுத்தைப் பார்க்க முடியவில்லை. அவனுக்கு வசந்தினி தைத்துக் கொடுத்த சேர்ட்டுகளை எனக்குத் தெரியும். நான் தடிக்குக் கிட்டப் போய் நின்றேன்.

“அழகரெத்தினம் துலக்சன். அழகரெத்தினம் துலக்சன்.”

மூன்றாவது தரத்துக்கு முன் அவன் கையைத் தூக்கினான்.

“நிப்பாட்டுங்க ராத்தா. நீங்க கூப்பிட்டாச் செல்லாது. தாயில்லாதவனை ஒருத்தரும் கூப்பிட ஏலாது, அவன் கடைசி மட்டும் நிக்கணும். காக்காதான் சொன்னவர்.”

பளீல் ஒரேயடியாக உடைந்துபோனார். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் கதைத்த ஆள், அன்று சொல் சொல்லாகப் பொறுக்கிக் கதைத்தார்.

“அது பொய்டா மகன். உன்ட முகத்தைப் பாக்க ஏலாமச் சொன்னது. எல்லாமே நான் கட்டினதுதான். மிர்ரீகருமில்ல, ஒண்ணுமில்ல. வாடா வீட்ட போவம்.”

 துலக்சனுக்குப் பின்னால் நின்ற பொடியன்கள் துவக்கை மறுபடி நிமிர்த்தினார்கள். மெலிந்தவன் ஒரு எட்டு முன்னால் வந்து கிசோக்கின் தோளைப் பிடிக்கப் பார்த்தான். துலக்சன் அதைக் கண்டான். நான் கண்டேன். பளீல் காணவில்லை.

“கதை பொய்யெண்டா கிசோக் எந்தச் சட்டத்தில போறான் காக்கா?” துலக்சன் கேட்டான். சத்தம் உயரவில்லை. “இவங்க எல்லாரும் கேட்டுக்கொண்டு நிக்கிறாங்க. வடிவாச் சொல்லுங்க. பொய்யா, உண்மையா?”

மீனாம்பிகை பளீலின் காலடியில் விழுந்தாள். ஒரு கையால் மகனைப் பிடித்திருந்தாள், மற்றக் கையால் இவருடைய சாரத்தைப் பிடித்திருந்தாள். காக்கா, காக்கா என்பதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. பளீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்ல? ஒரு பக்கம் தாயிருக்கிற பிள்ளை, மற்றப் பக்கம் தாயில்லாத பிள்ளை. யாரை விடுவது என்பதை அல்லாஹ் என் மனிசனின் நாக்கில் கொண்டுவந்து வைத்தான்.

“உண்மை” என்றார் பளீல்.

“எல்லாமா?”

“எல்லாம் உண்மைதான்டா மகன்.”

துலக்சன் தலையை ஆட்டினான். பொடியன்கள் துவக்கைத் தாழ்த்தினார்கள். வெயில் சாயும் முன் வயலைக் கடந்துவிடுங்கள், இந்தப் பாதையில் யானை இறங்கும் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு அவன் மூங்கில் தடியை இறக்கினான்.

கிசோக்கை எங்கள் வீட்டில் வைத்து, பிறகு என் தம்பி காலிதீனைப் பிடித்து அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். ஒரு தாய் போய்க் கூப்பிட்டாள், பிள்ளையை விட்டார்கள் என்று செய்தி பரவி, அடுத்த கிழமை தாய்மார் கூட்டமாகப் போனார்கள். வாசலில் வேறு ஆட்கள் நின்றார்களாம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட தாய்மாரின் தலைக்கு மேலால் சுட்டார்களாம். துலக்சனைப் பற்றிக் கேட்டதற்கு அப்படி ஒருவன் இல்லை என்று பதில் வந்ததாம். பளீல் அதைக் கேட்டுவிட்டு அன்று சாப்பிடவில்லை. கதை சொல்வதை அதோடு விட்டுவிட்டார். பிள்ளைகள் வந்து கேட்டால் நெஞ்சு வலி என்பார். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடிகாரம், மணிக்கூடு திருத்துகிற ஒருவரோடு சேர்ந்து, வாயைத் திறக்காத வேலை ஒன்று பார்த்தார்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். பெரிய வீதியில் வெடி கொளுத்தினார்கள். சிலருக்குச் சந்தோசம், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்களும் சாத்திக்கொண்டோம். பாண்டிருப்புப் பக்கம் அன்று அடுப்பே புகையவில்லை. அப்புறம் வடக்கிலிருந்து முள்வேலி முகாம், தடுப்பு முகாம் என்று செய்தி வரும்போதெல்லாம் பளீல் பஸ் நிலையத்தில் நின்று இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பாராம். மணிக்கூட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார்.

அடுத்த வருசம், நோன்புக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பொடியன் எங்கள் வீட்டைத் தேடி வந்தான். ஒரு கை முழங்கையோடு இல்லை. கோகிலன் என்று பெயர் சொன்னான், வினாயகபுரத்துப் பிள்ளை, தடுப்பிலிருந்து விட்டிருந்தார்கள். அன்று வாசலில் எங்களைப் பார்த்துத் துவக்கு நீட்டியது தான்தான் என்றான். உற்றுப் பார்த்தேன், அந்த மெலிந்த முகம்தான். கிசோக்கை விட்டதற்குத் தண்டனையாகத் துலக்சனையும் அவனையும் வடக்கே முன்னரங்குக்கு அனுப்பினார்களாம். கடைசி வரை இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்களாம்.

பளீல் அவனை உட்காரச் சொன்னார். கோகிலன் உட்கார்ந்து சொன்னான். கடைசி நாள் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்புக் களப்புத் தண்ணீர், நடுவே மணல். எல்லோரும் சரணடையக் கையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். துலக்சன் மட்டும் பதுங்குகுழியை விட்டு எழும்பவில்லை. கையைத் தூக்கிப் போன ஆட்களிலேயே பலரைக் காணவில்லை, அவன் நின்ற இடத்தில் பிறகு ஒன்றுமே இல்லையாம்.

“நீங்க கூப்பிடல்லையா?” என்று பளீல் கேட்டார்.

“கூப்பிட்டம் காக்கா. பிறந்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டம். உங்கள்ல ஆருடா என்ட அம்மா எண்டு கேட்டான். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டான்.”

பளீல் அவனுக்குக் கிட்ட நகர்ந்து கேட்டார். “அந்தக் கதையை அவ்வளவுக்கு நம்பினானா, மகன்?”

கோகிலன் இல்லையென்று தலையாட்டினான்.

“அவன் நம்பல்ல காக்கா. அது நீங்க கட்டின கதையெண்டு அவனுக்குச் சின்னதிலயே தெரியும். நானும் அதைத்தான் அவன்கிட்டச் சொன்னன், கதைக்காக ஆரும் சாவானாடா எண்டு. அதுக்கு அவன், காக்கா எல்லாருக்கும் முன்னால உண்மையெண்டு சொல்லிக் கிசோக்கைக் காப்பாத்தினவர், இப்ப நான் எழும்பி வந்தா அவர் பொய் சொன்ன ஆளாகிருவார் எண்டான்.”

பளீல் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது, ஏறுகிற சத்தம் கேட்கவில்லை. நான் அந்தப் பொடியனுக்குச் சோறு போட்டேன், ஒரு கையால் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.